தேனில் தெரிந்த சமையலறை

தேன்காரரின் தேனை நக்கினால், அது எந்தப் பூவிலிருந்து வந்ததோ அந்தப் பூ கண்ணுக்குள் தெரியும். ஊரில் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எலுமிச்சைத் தேன் என்றால் எலுமிச்சைத் தோட்டம், சூரியகாந்தி என்றால் மஞ்சள் வயல். ஒரு விழுங்கு நேரம் நின்றுவிட்டுப் போய்விடும். போஸ்ட்மாஸ்டரின் மனைவிக்கு வயல் தெரிந்தாலே தும்மல் வரும், அவ்வளவுதான் தொந்தரவு. மூடி போடும் முன் ஒவ்வொரு டின்னிலும் ஒரு சொட்டு நக்கிப் பார்ப்பது தேன்காரரின் வழக்கம். தோட்டம் தெளிவாக இருக்கிறதா, நடுவில் எவனாவது வேலியோரம் ஒதுங்கிக்கொண்டிருக்கிறானா என்று பார்த்துத்தான் விற்பார்.

அந்த வருடம் பூக்கிற நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. மொட்டைமாடிப் பெட்டிகளில் தேனீக்கள் இளைத்தன; பெட்டியைத் தட்டினால்கூடச் சத்தம் வரவில்லை. அவர் சமையலறையில் சர்க்கரைப் பாகு கலந்து, கிண்ணங்களில் ஊற்றி, ஈ மூழ்கிவிடாமல் குச்சிகளை மிதக்கவிட்டு வைத்தார். பெற்ற பிள்ளைக்குக்கூட யாரும் அப்படிப் பார்த்துப் பார்த்து ஊட்டியிருக்க மாட்டார்கள். ஈக்கள் தேறின, தேனடைகள் கனத்தன. பாகு குடித்துக் கட்டிய அடையைத் தொடக்கூடாது, அதை ஈக்களே தின்று தீர்க்க வேண்டும், புதுப்பூ வந்தபின் நிறைவதைத்தான் எடுக்கலாம் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் வாடிக்கைக்காரர்கள் நச்சரித்தார்கள். அவர் அண்ணி வேறு, இந்த வருடமும் தேன் உண்டு என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். எடுத்தார், வடிகட்டினார், பாட்டிலில் அடைத்தார். அந்த முறை மட்டும் நக்கிப் பார்க்கவில்லை.

அம்மா போனபிறகு அவரைக் குளிப்பாட்டித் தலைசீவிப் பள்ளிக்கு அனுப்பியவள் அண்ணிதான். "என் கொழுந்தன் தேன்ல குறைன்னு எவனாவது சொன்னா என் பேரை மாத்தி வெச்சுக்கறேன்" என்று குழாயடியில் சவால் விடுவாள். அவருடைய நல்ல பேர் முழுக்க அவள் வாயில்தான் இருந்தது.

முதலில் மாறியது ஜனங்களின் பேச்சு. அவர் வீட்டு வாசலைக்கூட மிதிக்காத தையல்காரர், "உங்க அடுப்படி ஜன்னல்ல ஒரு கம்பி கழண்டிருக்கு, பூனை வந்துடப் போகுது" என்றார். பால்காரம்மா, அக்குளில் கிழிந்த பனியனை இன்னுமா போட்டுக்கொள்கிறீர்கள் என்று அக்கறையாக விசாரித்தாள். அவர் சட்டைக்குள் அதைத்தான் போட்டிருந்தார். யாரும் தேனைக் குறை சொல்லவில்லை. மிச்சமிருந்த பாட்டிலைத் திறக்க அவருக்குக் கை வரவில்லை.

அண்ணி கூப்பிட்டனுப்பினாள். போனதும் ஸ்பூனை நீட்டி, "வாயைத் திற" என்றாள். திறந்தார். தன் சமையலறை தெரிந்தது. தனிக்குடித்தனம் போனபோது அண்ணி கொடுத்த அலுமினியப் பாத்திரத்தில், கிழிந்த பனியனோடு அவரே கரண்டியால் பாகு கிண்டிக்கொண்டிருந்தார். பிறகு மாடியேறிப் பெட்டியைத் திறந்து, குனிந்து, யாரும் கேட்கவில்லை என்கிற தைரியத்தில் கொஞ்சினார்: "குடிங்கடி கண்ணுங்களா. இது உங்களுக்குத்தான். ஒரு சொட்டு தொடமாட்டேன், சத்தியம்."

அந்தச் சத்தியத்தை ஊரே காலைப் பலகாரத்தோடு கேட்டு முடித்திருந்தது.

"பாகு ஊத்தினதுல தப்பில்ல, தம்பி. அதுங்ககிட்ட அப்படிச் சொல்லிட்டு எப்படி எடுக்க மனசு வந்துச்சு?" என்றாள் அண்ணி. "தெருவுல ஒருத்தர்கூட என்னை ஒண்ணும் கேக்கல. அதைத்தான் தாங்க முடியல."

வீடு வீடாகப் போய், பாதி தீர்ந்த பாட்டில்களையும் கேட்டு வாங்கினார். எல்லாவற்றையும் குச்சி மிதக்கும் கிண்ணங்களில் ஊற்றிப் பெட்டிகளுக்குள் வைத்தார். இந்த முறை வாயைத் திறக்கவில்லை. ஈக்கள் எந்தக் கோபமும் இல்லாமல் குடித்துத் தீர்த்தன.

மறுவருடம் பூ ஏமாற்றவில்லை. அவர் ஒவ்வொரு டின்னையும் நக்கிப் பார்த்தார். எலுமிச்சைத் தோட்டம் பூத்துக் கிடந்தது. ஒரு மரத்தடியில் கிழிந்த பனியனோடு ஒருவர், கையில் கரண்டி, தலை குனிந்தபடி. சூரியகாந்தி வயலிலும் அவர் நின்றார். பிறகு வந்த எல்லா வருடங்களிலும் நின்றார். "நடுவுல நான் நிப்பேன், பரவாயில்லையா?" என்று சொல்லித்தான் தேன்காரர் விற்றார். ஜனங்களுக்கும் பழகிவிட்டது. போஸ்ட்மாஸ்டரின் மனைவி வழக்கம்போலத் தும்மினாள்.

அண்ணிதான் எப்போதும் முதல் பாட்டிலை வாங்கினாள். குழாயடியில் கொழுந்தன் தேனைப் பற்றி மறுபடியும் பேசினாள். பேரை மாற்றி வைப்பதைப் பற்றி மட்டும் அதன்பிறகு ஒருநாளும் பேசவில்லை.