எண்பத்தெட்டாம் பக்கத்து நிமிடம்

நானும் லியூபெனும் விவாகரத்து வாங்கிய பிறகுதான் பதிப்பகம் தொடங்கினோம். சேர்ந்து வாழ்ந்த பதினேழு வருடத்தில் ஒன்றும் தொடங்கவில்லை. பிரியும்போது ஸ்கேனர் அவன் பங்குக்குப் போனது. பிழை திருத்தத் தெரிந்தவள் நான். இரண்டையும் பிரித்து வைத்தால் யாருக்கும் லாபமில்லை என்று எங்கள் வக்கீலே சொன்னார்.

ஸ்டாரா சகோரா நகரில் எங்கள் வீடுகளுக்கு நடுவே இரண்டு தெருதான். எண்பதுகளில் நம் நாட்டுத் தொழிற்சாலைகள் செய்த கணினிகளுக்கென்று புரோகிராமிங் கையேடுகள் வந்தன அல்லவா, இன்று எந்தக் கடையிலும் கிடைக்காதவை, அவற்றை மறுபடி அச்சில் கொண்டுவருவது எங்கள் வேலை. லியூபென் பழைய பிரதியின் முதுகைக் கிழித்துப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்வான். நான் எழுத்துகளைச் சரிபார்த்துப் பக்கம் கட்டுவேன். யாராவது ஆர்டர் போட்டால், சோஃபியாவில் உள்ள அச்சகம் அவருக்கென்று ஒரே ஒரு பிரதி அடித்து நேராக அனுப்பிவிடும். கேட்க ஆளில்லாவிட்டால் புத்தகமும் இல்லை.

"விற்காத பிரதி ஒண்ணுகூட இல்லாத பதிப்பகம் ஊர்லயே நம்மளுதுதான்" என்பான் லியூபென்.

"வித்த பிரதியும் அதிகமில்ல, அதையும் சேத்துச் சொல்லு" என்பேன் நான்.

வாங்குகிறவர்கள் பெரும்பாலும் சிறுவயதில் அந்தக் கணினிகளில் விளையாடிய ஆண்கள். ஒரு மடத்துத் துறவி மூன்று பிரதி வாங்கினார். காரணம் சொல்லவில்லை.

2014-இல் 'பெரூனிகா-2 இயந்திர மொழிக் கையேடு' எங்கள் கைக்கு வந்தது. 1986-இல் வெளியானது. எழுதியவர் பொறியாளர் டோன்கா அர்னாவுடோவா, ப்ளோவ்டிவில் இருக்கிறார், எழுபத்தெட்டு வயது. அனுமதி கேட்டு நான் போன் செய்தேன்.

"எண்பத்தெட்டாம் பக்கம் உங்ககிட்ட இருக்கா?" என்று எடுத்ததும் கேட்டார்.

"இருக்குங்க, இன்ஜினியரம்மா."

"அதுல ஐம்பதுன்னு இருக்கும். அறுபதுன்னு மாத்துங்க. மாத்தினா புத்தகத்த எடுத்துக்கலாம். எனக்கு ஒண்ணும் தர வேண்டாம். மாத்தலைன்னா போனை வைங்க."

பெரூனிகா-2 தன் உள்ளே சீராகத் துடிக்கும் கணினி. அந்தத் துடிப்பை எண்ணித்தான் அதில் நேரம் பார்க்க வேண்டும். ஐம்பது துடிப்பு ஒரு நொடி என்று கையேடு சொன்னது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை துடிக்கிறது, கணினியும் அப்படித்தான் என்று அவர் எழுதிவிட்டார். ஆனால் அந்தக் கணினியின் வடிவமைப்பு வெளிநாட்டிலிருந்து சத்தமில்லாமல் எடுத்த நகல். அது நொடிக்கு அறுபது முறை துடித்தது. ஐம்பதிலேயே ஒரு நொடி முடிந்ததாக எண்ணினால் நிமிடம் பத்து நொடி முன்னதாகவே முடிந்துவிடும்.

நான் மாற்றினேன். எழுத்தைக் கொஞ்சம் தடிமனாகக்கூட வைத்தேன். முதல் பிரதி அவருக்குப் போனது. 'சரி' என்று ஒரு சொல்லில் அஞ்சலட்டை வந்தது.

நான்கு மாதம் கழித்து, நான் தக்காளி விழுது கிளறிக்கொண்டிருந்தபோது ஒருவர் போன் செய்தார்.

"பெரூனிகா புத்தகம் போட்டது நீங்கதானா?"

"ஆமாங்க."

"உங்க நிமிஷம் நீளமா இருக்கு."

"என்னது?"

"நிமிஷங்க. நீளமா இருக்கு. என் ரொட்டியெல்லாம் கரிஞ்சு போகுது."

அவர் பெயர் ஸ்டாமென். மலையடிவாரத்தில் கோர்னா லிபா என்ற ஊரில் ரொட்டி அடுமனை நடத்துகிறார். 1987-இல் அவருடைய அப்பா ஒரு பெரூனிகா-2 வாங்கி, கையேட்டைப் பார்த்துத் தானே ஒரு புரோகிராம் எழுதி, அடுப்பை அதோடு இணைத்திருக்கிறார். மாவு பொங்கும் நேரம், வேகும் நேரம் எல்லாம் அதன் கணக்கு. புரோகிராம் இருந்த கேசட் இந்த வருடம் தேய்ந்துபோனது. அப்பாவின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து ஸ்டாமென் மறுபடி தட்டச்சு செய்தார். அதில் ஓர் இடத்தில் 'எண்பத்தெட்டாம் பக்கத்து எண்ணை இங்கே போடு' என்று மட்டும் எழுதியிருந்தது. பழைய கையேடு எப்போதோ மாவு பிசையும் இயந்திரத்துக்குள் விழுந்து தீர்ந்துவிட்டது. ஆகவே எங்களுடையதை வாங்கினார். அறுபது என்று போட்டார். இருபது நிமிடத்தில் வேக வேண்டிய ரொட்டி இருபது நிமிடத்தில் கரிந்தது.

"ஐம்பதுன்னு போட்டுப் பாருங்க" என்றேன்.

மறுநாள் மறுபடி அழைத்தார்.

"சரியா வந்துடுச்சு. இப்ப எனக்கு ஐம்பதுன்னு அச்சடிச்ச புத்தகம் ஒண்ணு வேணும்."

"அதான் எண்ணு தெரிஞ்சுபோச்சே, புத்தகம் எதுக்குங்க?"

"நான் செத்த பிறகு எவனாவது நோட்டைப் பாப்பான். புத்தகத்தப் பாப்பான். அறுபதுன்னு போடுவான். அப்புறம் ஊரே கரிஞ்ச ரொட்டி திங்கணுமா? நீங்க ஒவ்வொரு பிரதியாத்தானே அடிக்கிறீங்க? எனக்கு மட்டும் அப்படி ஒண்ணு அடிச்சுக் குடுங்க."

லியூபெனுக்கு இதில் எந்தச் சங்கடமும் தெரியவில்லை.

"ஒரு பக்கம். பத்து நிமிஷ வேலை. அந்தம்மாவுக்கு எப்படித் தெரியப்போகுது?"

"இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் நம்ம கல்யாணமே போச்சு" என்று சொல்லிவிட்டு ப்ளோவ்டிவுக்கு போன் செய்தேன்.

அவர் முழுவதையும் கேட்டார். "என் பேர் போட்ட புத்தகத்துல இனி ஐம்பதுன்னு ஒரு பிரதிகூட வரக்கூடாது" என்றார். வைத்துவிட்டார். அரை மணி நேரம் கழித்து அவரே அழைத்தார்.

"அந்த மெஷின் இன்னும் ஓடுதா?"

"ஓடுதாம்."

"நான் பாக்கணும்."

சனிக்கிழமை லியூபெனின் காரில் போய் அவரை ஏற்றிக்கொண்டோம். சிறிய உருவம், பெரிய கைப்பை. முன்சீட்டில் உட்கார்ந்தார். வழியெல்லாம் லியூபென் ஓட்டும் வேகத்தைத் தன் கைக்கடிகாரத்தில் சரிபார்த்துக்கொண்டே வந்தார்.

அடுமனையில் ஸ்டாமென் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். அவர் மனைவி கீனா, விருந்தாளிகளை வரவேற்கும் வழக்கப்படி, ரொட்டியும் உப்பும் ஏந்தி வாசலுக்கு வந்தார்.

"முதல்ல மெஷின்" என்றார் டோன்கா அம்மையார்.

சுவரோரம் கண்ணாடிப் பெட்டிக்குள் அது இருந்தது. மேலே ஒரு விரல்கடை மாவு. விசைகளில் எழுத்து அழிந்து, அந்த இடத்தில் நகச்சாயத்தால் எழுதியிருந்தார்கள். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஒரு தட்டு ரொட்டி உள்ளே போனது. மணி அடிக்கும்வரை நாங்கள் ஆறு பேரும் நின்றோம். ஆறாவது ஆள், வரிசையில் ரொட்டிக்கு வந்து உள்ளே எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர்.

"பதினாறு நிமிஷம், நாற்பது செகண்ட்" என்றார் டோன்கா அம்மையார்.

"இருபது" என்றார் ஸ்டாமென்.

"பதினாறு நாற்பது. அறுபதை வச்சுக்கிட்டு, வேகுற நேரத்த பதினாறு நாற்பதுன்னு மாத்துங்க. ரொட்டியும் சரியா வரும், மெஷினும் பொய் சொல்லாது."

"இன்ஜினியரம்மா, இது இருபது நிமிஷ ரொட்டி."

"இல்ல."

"எங்கப்பா சுவத்துல எழுதி வச்சிருக்காரு, பாருங்க. இருபது."

"உங்கப்பா எழுதினது என் தப்ப நம்பி."

"அதுக்கு நாங்க என்ன பண்றது? மாவு பொங்கறது, உப்பு போடறது, வேலையாளு டீ குடிக்கப் போறது, எல்லாம் இந்தக் கணக்குலதான் ஓடுது. ஒண்ண மாத்தினா பதினாலு மாத்தணும். நீங்க ஒரு எண்ணுதான் மாத்தணும்."

கீனாவும் சேர்ந்துகொண்டார்: "எங்க வீட்டு முட்டையக்கூட நான் இந்த மெஷினப் பாத்துத்தான் வேகவைப்பேன். அஞ்சு நிமிஷம்னா சரியா இருக்கும். என் தங்கச்சி வீட்டு அஞ்சு நிமிஷத்துல கல்லாப் போகுது. அடுப்பு நிமிஷம்னு சொன்னா இங்க எல்லாருக்கும் புரியும்."

அப்போதுதான் வெளியே வந்த ரொட்டி ஒன்றைக் கீனா பிய்த்து நீட்டினார். டோன்கா அம்மையார் நின்றுகொண்டே உப்பில் தொட்டுத் தின்றார். இன்னொரு துண்டு. பிறகு மூன்றாவது.

"இருபத்தேழு வருஷமா இதத்தான் சாப்பிடறீங்களா?"

"ஆமாங்க."

"எத்தனை பேரு?"

"ஊரு முழுக்க. பக்கத்து ரெண்டு ஊருக்கும் வேன்ல போகுது."

அவர் கையிலிருந்த உப்பைத் தட்டினார். கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். போகலாம் என்று எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

திரும்பும் வழியில் சிர்பான் என்ற ஊரைத் தாண்டினோம். டோன்கா அம்மையாரே பேச்சை ஆரம்பித்தார்.

"அச்சாகி ரெண்டாவது வாரமே கண்டுபிடிச்சேன். ஐயாயிரம் பிரதி போயிடுச்சு. பிழைத்திருத்தம்னு ஒரு துண்டுச் சீட்டாவது அடிச்சு அனுப்புங்கன்னு டைரக்டர்கிட்ட கேட்டேன். இந்த அஞ்சாண்டுத் திட்டத்துக் காகிதம் தீந்துபோச்சு, அடுத்த திட்டத்துல பாக்கலாம்னாரு. அடுத்த திட்டத்துல அவரே இல்ல. திட்டமும் இல்ல."

"அதையா இத்தனை வருஷமா..." என்று லியூபென் ஆரம்பித்தான். நான் பின்சீட்டிலிருந்து அவன் தோளில் குத்தினேன்.

"யாரும் படிச்சிருக்க மாட்டாங்கன்னு சொல்லிச் சொல்லித்தான் மனசைத் தேத்திக்கிட்டேன்."

"படிச்சிருக்காங்க" என்றேன்.

"ஆமா. படிச்சிருக்காங்க." அதைச் சந்தோஷமாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா, முன்சீட்டுத் தலையின் பின்புறத்தை வைத்து என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

திங்கட்கிழமை போனில் நான்கு வாக்கியம் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். ஸ்டாமெனின் பிரதியில் எண்பத்தெட்டாம் பக்கத்தில் ஐம்பது என்றே போட்டு, அடியில் இதைச் சேர்த்தோம்: 'இந்தப் பிரதி கோர்னா லிபா அடுமனைக்கு மட்டும். இங்கே ஒரு நிமிடத்துக்கு ஐம்பது நொடி. ருசி பார்த்துவிட்டேன். மாற்ற வேண்டாம். - ஆசிரியர்.'

அச்சகத்திலிருந்து ஒரு பெண் அழைத்தார். "மேடம், முன்னாடி அனுப்பின கோப்புல அறுபது இருக்கு, இதுல ஐம்பது இருக்கு. தப்பா வந்திருக்கா?"

"ஆமாங்க, தப்புதான். அப்படியே அடிங்க."

அதோடு டோன்கா அம்மையாருக்குத் துணிச்சல் வந்துவிட்டது. தன் புத்தகத்தை முதல் எழுத்திலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கினார். மூன்று வாரத்தில் இன்னொரு பிழையைப் பிடித்தார். நூற்று முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு நினைவக முகவரி எண்ணில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. அங்கே எடுத்துக்காட்டாக இருந்த புரோகிராமை அப்படியே தட்டச்சு செய்தால் கணினி உறைந்து நின்றுவிடும்.

"திருத்திடலாமா?" என்று கேட்டேன்.

"அவசரப்படாதீங்க. முதல்ல இத நம்பி யாராவது எதையாவது கட்டியிருக்காங்களான்னு விசாரிங்க."

எங்கள் இணையதளத்தில் அறிவிப்புப் போட்டோம். உறைந்து நிற்கும் கணினியை நம்பி யார் என்ன கட்டியிருக்க முடியும் என்று லியூபென் சிரித்தான். இரண்டு மாதம் ஒன்றும் வரவில்லை. பிறகு வார்னாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பல் மருத்துவர், பிளாமென் என்று பெயர்.

1988-இல் அவருக்குப் பதினேழு வயது. மாவட்டப் புரோகிராமிங் போட்டிக்காக நூற்று முப்பத்தோராம் பக்கத்துப் புரோகிராமைத் தட்டச்சு செய்திருக்கிறார். நின்றுவிட்டது. இரண்டு வாரத்தில் முப்பது தடவைக்குமேல் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்திருக்கிறார். 'புத்தகத்தில் தவறு இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இந்த வேலைக்கான மூளை எனக்கில்லை என்று முடிவுசெய்து பல் மருத்துவம் படித்தேன். குறையொன்றும் இல்லை, நல்ல தொழில். நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன்' என்று முடித்திருந்தார்.

டோன்கா அம்மையாருக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

"அந்தப் பையன் நம்பர் இருக்கா?"

"பையன் இல்லைங்க, நாற்பத்து மூணு வயசு."

"நம்பர் குடுங்க."

இருவரும் ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம் லியூபென் தன் சேகரிப்பிலிருந்த பெரூனிகா-2-ஐப் போர்வையில் சுற்றிக் காரில் ஏற்றினான். எங்களுக்கு ப்ளோவ்டிவ் ஒரு பக்கம், வார்னா எதிர்ப்பக்கம். ஆகவே டோன்கா அம்மையார் பஸ் பிடித்து ஸ்டாரா சகோராவுக்கே வந்து நின்றார்.

டாக்டரின் அறையில் பல் பார்க்கும் நாற்காலிக்கு எதிரில் ஒரு திரை இருந்தது. லியூபென் கணினியை அதோடு இணைத்தான். வெள்ளை அங்கியுடன் டாக்டர் உட்கார்ந்தார். பருத்த மனிதர், ஆனால் விரல்கள் மெலிந்தவை. டோன்கா அம்மையார் பக்கத்தில் நின்று, திருத்திய வரிகளை ஒவ்வொன்றாக வாசித்தார். டாக்டர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லித் தட்டினார். நாற்பது நிமிடம் ஆயிற்று. கடைசி விசையை அழுத்தியபோது டாக்டரின் காது சிவந்திருந்தது.

திரையில் ஒரு வட்டம் வரத் தொடங்கியது. மெதுவாக, புள்ளி புள்ளியாக. பதினோரு நொடியில் முழு வட்டமாகி நின்றது.

டாக்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதான்" என்றார் டோன்கா அம்மையார்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறெங்கோ பார்த்துக்கொண்டு இன்னொரு முறையும் துடைத்தார். பிறகு மறுபடி அந்த விசையை அழுத்தினார். வட்டம் மறுபடி முதலிலிருந்து வந்தது. வெளியே காத்திருந்த நோயாளி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, கதவைத் தட்டினார்.