பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டிய நிறம்

பெயிண்ட் கடையில் அவருக்குச் ‘சொட்டு’ என்றுதான் பெயர். நிறம் கலக்கும்போது, வாங்க வந்தவரே போதும் என்றாலும், “இன்னும் ஒரு சொட்டு கறுப்பு” என்பார். டப்பா மூடியில் கொஞ்சம் தடவி, தெருவுக்கு எடுத்துப்போய்ப் பார்த்த பிறகுதான் தலையாட்டுவார். பல்பு வெளிச்சத்தில் எந்த நிறத்தையும் அவர் ஒப்புக்கொண்டது கிடையாது.

மூன்று மாதமாகக் கால்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்குகிறது என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தை ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் சுவரைப் பிடிக்காமல் எழுந்து நின்றார். அன்றே முதலாளிக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியும் விட்டார்.

சனிக்கிழமை காலை சிறுநீர் பால் விடாத கட்டன் தேநீர் போல இறங்கியது. குளியலறையின் மஞ்சள் பல்பை அண்ணாந்து பார்த்துவிட்டு, தண்ணீரை ஊற்றினார்.

நாற்காலிக்கு வருவதற்குள் மூச்சு வாங்கியது.

“என்னங்க, கண்ணு மஞ்சளா இருக்கு?” என்றாள் மனைவி.

“பல்பு அப்படி.”

“கூடத்துல ஏதுங்க பல்பு? ஜன்னல் திறந்திருக்கு.”

அவர் செய்தித்தாளை எடுத்து விரித்தார். அவள் விடுவதாக இல்லை. “ஒண்ணுக்கு எப்படிப் போகுது? நிறம் மாறினா உடனே சொல்லணும்னு நர்ஸ் படிச்சுப் படிச்சு சொன்னாங்களே.”

“கொஞ்சம் அடர்த்தி. அங்க வெளிச்சம் சரியில்ல. இதுக்குப் போய் அட்மிட் ஆனா திங்கட்கிழமை போச்சு.”

“ஊரான் வீட்டுச் சுவத்துக்குன்னா மூடியத் தூக்கிக்கிட்டு தெருவுக்கு ஓடுவீங்க. உங்க உடம்புக்கு மட்டும் பல்பு போதுமாக்கும்!”

அது உறைத்தது. சற்று நேரம் கழித்து, குளியலறையிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலோடு ஜன்னலருகே வந்தார். வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

“செங்கல் சிவப்பு. ரெண்டு சொட்டு கறுப்பு,” என்றார். “போனைக் குடு.”

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, ஹீமோகுளோபின் பதிமூன்றிலிருந்து எட்டரைக்கு இறங்கியிருந்தது. டாக்டர் நிதானமாக விளக்கினார்: “இந்த மருந்து பல பேர் ரத்தத்துலேர்ந்து எடுக்கிறது. அதுல இருந்த சில எதிர்ப்பொருள் உங்க ‘ஏ’ வகைச் சிவப்பணுக்களை உடைச்சிருக்கு. அந்த நிறம்தான் சிறுநீர்ல இறங்குது. பெரும்பாலும் தானா நின்னுடும். ஆனா தினமும் டெஸ்ட் எடுக்கணும். இன்னும் இறங்கினா ரத்தம் ஏத்துவோம். நேரத்துல வந்தீங்க.”

“திங்கட்கிழமை...?”

டாக்டர் மனைவியைப் பார்த்தார். “இங்கதான்,” என்றாள் அவள்.

ஞாயிறு எட்டு. திங்களும் எட்டிலேயே நின்றது. ரத்தம் ஏற்ற வேண்டி வரவில்லை. கடை திறக்கும் நேரத்துக்கு முதலாளி அழைத்தார்.

“என்ன சொட்டு, எப்ப வர்றே?”

அவர் ஜன்னலோரம் பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

“இன்னும் ரெண்டு ஷேடு வெளுக்கணும் முதலாளி,” என்றார்.