துடைத்த தண்ணீர்

1

அன்று கூடத்தில் இருந்தவர்கள்: நாற்காலியில், காப்பீட்டு நிறுவனத்திலிருந்து புயல் சேதம் பார்க்க வந்த அதிகாரி. கட்டில் விளிம்பில் அத்தான். சமையலறை வாசற்படியில், கையில் ஈரத்துணியோடு அக்கா. கவிழ்த்துப் போட்ட வாளிமேல் நான். எல்லோர் தலைக்கும் மேலே, காற்று ஓடுகளைப் பிய்த்துக்கொண்டு போன இடத்தில், நீலத் தார்ப்பாய்.

ஆனால் இந்தக் கதை அங்கே பிறக்கவில்லை. பிறகு வந்த மறுப்புக் கடிதத்தில் பிறந்தது. 'வீட்டின் உட்புறம் உலர்ந்தும் தூய்மையாகவும் காணப்பட்டது. மழை புகுந்த அடையாளம் இல்லை. ஓடுகள் பழமையால் நழுவியிருக்கலாம். இழப்பீடு இல்லை.' மேல்முறையீடு செய்வதானால் நடந்ததைச் 'சுருக்கமாக' எழுத வேண்டுமாம். வீட்டுக் கடிதங்களெல்லாம் என் பொறுப்பு. பள்ளியில் சொல்லித் தந்தபடி பெறுநர், பொருள், ஐயா என்று வரிசை தவறாமல் எழுதுவேன். சுருக்கம் மட்டும் இந்த முறை நடக்காது.

2

முதல் தொடக்கம்: 'அன்று கருமேகங்கள் ஓலமிட்டு' (வேண்டாம். மேகம் ஓலமிடாது.)

இரண்டாவது: 'ஈவிரக்கமற்ற அந்த அதிகாரி' (அடித்துவிட்டேன். எழுத்தில் அவருக்குக் கறுப்புக் கண்ணாடிகூட மாட்டிப் பார்த்தேன். மனிதர் வாசலிலேயே காலணியைக் கழற்றியவர், கொடுத்த தண்ணீருக்கு நன்றி சொன்னவர். வில்லனாக அவர் ஒத்துழைக்கவில்லை.)

3

எங்கள் பக்கத் தவறு இதுதான். ஆள் வருகிறார் என்றதும் அக்கா வீட்டைச் சுத்தம் செய்துவிட்டாள். வெளியாள் வரும்போது வீடு அலங்கோலமாய்க் கிடக்கலாமா? உடைந்த ஓடுகளைப் பின்பக்கம் அடுக்கினாள். ஊறிப்போன மெத்தையைக் குப்பை வண்டியில் ஏற்றினாள். சுவர்க் கறையைத் தேய்த்துக் கழுவினாள். கடைசியாகத் தரை. அது பளிச்சென்று இருந்ததால்தான் அவர் காலணியைக் கழற்றினார்.*

* போகும்போது அவர் காலுறை நனைந்திருந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

4

அந்தக் காலுறைதான் என் துருப்புச்சீட்டு. 'உலர்ந்த வீட்டில் உங்கள் அதிகாரியின் காலுறை எப்படி நனைந்தது?' என்று எழுதி வாசித்துக் காட்டினேன். அத்தானுக்குக் குஷி தாங்கவில்லை. கூரைமேல் ஒரு மரமும் விழுந்ததாகச் சேர்க்கச் சொன்னார். பக்கத்தில் மரமே கிடையாதே என்றேன்.

"கதைதானே எழுதுற? ஒரு மரம் நட்டா என்ன குறைஞ்சு போவ?"

அக்கா சிரிக்கவில்லை. "காலுறைய எடுத்துடுடி. அது நான் தொடைச்ச தண்ணி. மழை இல்ல."

"அத எடுத்தா நம்மகிட்ட வேற என்னக்கா இருக்கு? அடுத்த மழைக்குத் தார்ப்பாய் தாங்காது."

"வீட்டத் தொடைக்கக் கூடாதுன்னு பாலிசியில எங்கயாச்சும் போட்டிருக்கா? நீதான் முழுசாப் படிச்சியே."

போடவில்லை.

"அப்ப தொடைச்சேன்னே எழுது. எதத் தொடைச்சேன்னு அவங்க யோசிக்கட்டும்."

5

காலுறை போயிற்று. (கதையில் விட்டு வைத்திருக்கிறேன், கடிதத்தில் இல்லை.) இப்போது இருப்பது:

'ஐயா, வீடு உலர்ந்திருந்தது உண்மை. என் அக்கா துடைத்தாள். உடைந்த ஓடுகள் பின்பக்கம் இருக்கின்றன. உங்கள் அதிகாரி கேட்கவில்லை, நாங்களும் காட்டவில்லை. முறிவு பழையதா புதியதா என்று வந்து பாருங்கள். இந்த முறை தரையைத் துடைத்து வைக்க மாட்டோம்.'

கடைசி வரிக்கு அக்கா ஒப்பவில்லை. "அதெல்லாம் தொடைப்பேன். எழுது."

எழுதினேன்: 'இந்த முறையும் துடைத்துத்தான் வைத்திருப்போம்.'

6

முடிவு ஒன்று: பணம் வந்தது, அத்தான் ஏணியைப் பிடித்துக்கொள்ள

முடிவு இரண்டு: மறுபடியும் அதே கடிதம், வேறு கையெழுத்து

இரண்டையும் நிறுத்திவிட்டேன். என்னால் முடியாமல் அல்ல. கூரை போட வேண்டியவர்கள்தான் முடிவையும் போட வேண்டும். அதுவரை பொறுக்காது என்றால், காப்பீட்டு நிறுவன மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நீங்களே ஒரு பதில் எழுதுங்கள். என்ன எழுதினாலும் கீழே கையெழுத்துப் போடுங்கள்.

உறையின் ஓரத்தில் பசை தடவி அழுத்தினேன். அஞ்சலகத்தில் இருந்தவர் எடை பார்த்து, கொஞ்சம் கனம்தான் என்றார். ஆமாம் என்றேன். முத்திரை குத்தி, சாக்குக்குள் போட்டார்.