ஒரே வீட்டில் இரண்டு பள்ளிக்கூடம்

வெர்னா ஸ்டீவ்ஸுக்கு ஒடீல் தூசேயைப் பிடிக்காமல் போனதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான் காரணம்.

வெர்னா கேட்டிருந்த ஆராய்ச்சி நிதி கைநழுவிப் போன வருடம் அது. மதிப்பிட்டவர்களின் கருத்துகள் பெயரில்லாமல் வந்தன. அவற்றில் ஒன்று: "இந்த ஆய்வாளருக்குக் குழந்தைகள் பேசுவது நன்றாகக் காதில் விழுகிறது. அவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருக்கத்தான் இன்னும் தெரியவில்லை." பெயர் எதற்கு? ஆங்கிலமும் பிரெஞ்சும் பேசும் அந்தக் கடலோர மாகாணங்களில் குழந்தைகளின் வாசிப்பைப் பற்றி ஆராயும் கல்வித்துறைப் பேராசிரியர்களை எல்லாம் ஒரே வேனில் ஏற்றிவிடலாம். குத்துவதையும் இவ்வளவு அழகாகக் குத்தக்கூடியவள் அவர்களில் ஒருத்திதான்.

வெர்னா ஃபிரெடெரிக்டனில் ஆங்கிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தாள். ஒடீல் மாங்க்டனில் பிரெஞ்சுப் பல்கலைக்கழகத்தில். அதுவரை மாநாடுகளில் சந்தித்தால் இருவரும் ஓரமாக உட்கார்ந்து மற்றவர்களின் கட்டுரைகளைக் கேலி பேசிச் சிரிப்பார்கள். அந்த வாக்கியத்துக்குப் பிறகு, ஒடீல் உட்கார்ந்திருக்கும் மேசையைக் கண்டால் வெர்னா தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவாள். ஏன் என்று ஒடீல் கேட்கவில்லை. வெர்னா சொல்லவும் இல்லை.

சில வருடங்கள் கழித்து, கூட்டு ஆராய்ச்சிக்கென்று பெரிய நிதி ஒன்று அறிவிக்கப்பட்டது. ஆங்கிலக் கல்வித்துறையும் பிரெஞ்சுக் கல்வித்துறையும் சேர்ந்து கேட்டால் முன்னுரிமை. புலத்தலைவர் ப்ரென்டன் கீர்ஸ்டெட் வெர்னாவின் அறைக் கதவில் சாய்ந்துகொண்டு சொன்னார்:

"உங்களுக்குன்னே அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு வெர்னா. மாங்க்டன்ல அந்தம்மா இருக்காங்களே, அவங்களுக்கு ஒரு போன் போடுங்களேன்."

"பாக்கலாம்," என்றாள் வெர்னா. போடவில்லை.

ஒடீலே வந்துவிட்டாள். பிப்ரவரி மாதம், உறைமழை பெய்து சாலையெல்லாம் கண்ணாடியாகக் கிடந்த நாள். கையில் ஒரு டப்பா, அது நிறைய உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை, உள்ளே பன்றிக்கறி வைத்தது. கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள்.

"எங்க ஊருக்குப் பக்கத்துல ஒரு குடும்பம் வெர்னா. அப்பா சிங்கி இறால் பிடிக்கிறவன், பிரெஞ்சு. அம்மா இங்கிலீஷ். அக்காவை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல போட்டாங்க, தம்பியைப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல. ரெண்டு பேரும் வாசிப்புல பின்தங்கினவங்கன்னு ரெண்டு பள்ளிக்கூடமும் முத்திரை குத்திடுச்சு. சாயங்காலம் அவங்க வீட்டுக்குப் போய்ப் பாரு. இறால் பிடிக்கிற கூண்டு மேல உக்காந்துக்கிட்டு ஒரே படக்கதைப் புத்தகத்தை ரெண்டும் வாசிக்குதுங்க. அவ ஒரு வரி, இவன் ஒரு வரி. பாதி அந்த மொழி, பாதி இந்த மொழி. நடுவுல ஒண்ணையொண்ணு திருத்திக்குதுங்க, சண்டை வேற. இதுல பின்தங்கினது யாருன்னு எனக்கு விளங்கல."

அப்படி ஒரு வீட்டை வெர்னாவும் பார்த்திருக்கிறாள். பார்த்த அன்றே காரில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதியும் இருக்கிறாள்.

"உன் ஆளுங்க அக்கா பள்ளிக்கூடத்துக்குப் போறாங்க, என் ஆளுங்க தம்பி பள்ளிக்கூடத்துக்குப் போறாங்க," என்றாள் ஒடீல். "வீட்டுக்குள்ள யாரும் போகல. நாம ரெண்டு பேரும் போவோம், வா."

சரி என்ற சொல் வெர்னாவின் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அந்தப் பழைய வாக்கியம் குறுக்கே வந்து நின்றது. இவள்தானே அன்று என்னை மண்ணைக் கவ்வ வைத்தவள், இன்றைக்குக் கொழுக்கட்டையோடு வருகிறாளே என்று தோன்றியது.

"இந்த வருஷம் எனக்குத் தலைக்கு மேல வேலை. வேற யாரையாவது பாருங்களேன்."

"பாருங்களேனா? எப்பலேர்ந்து எனக்கு இவ்வளவு மரியாதை?" ஒடீல் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக் கேட்டாள், "எம்மேல ஏதாவது கோபமா?"

"கோபப்பட என்ன இருக்கு."

ஒடீல் உடனே எழுந்துவிடவில்லை. வெர்னா மேசைமேல் இருந்த மாணவர் கட்டுரைகளை அடுக்கினாள், கலைத்து மறுபடி அடுக்கினாள். கடைசியில் ஒடீல் எழுந்தாள்.

"சூடு பண்ணிச் சாப்பிடு. மேல கொஞ்சம் பழுப்புச் சர்க்கரை தூவிக்கோ," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெர்னா ஒன்டாரியோவில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தோடு கைகோர்த்தாள். அங்கே பிரெஞ்சுப் பிரிவும் இருந்ததால் விதிக்குப் பொருந்தியது. நிதி கிடைத்தது. கல்வித்துறை வாசலில் அவள் படம் பெரிதாகத் தொங்கியது. ப்ரென்டன் கேக் வெட்டினார்.

அதன்பிறகு எதுவும் அவள் நினைத்தபடி நடக்கவில்லை. ஒன்டாரியோக்காரர்கள் கடற்கரைப் பள்ளிகளுக்குக் கைக்கணினிகளை அனுப்பினார்கள். திரையில் சொற்கள் ஓடும், குழந்தை வாசிக்கும், மதிப்பெண் விழும், அடுத்த குழந்தை வரும். வீடுகளுக்குப் போக வேண்டும், பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்று வெர்னா ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிப் பார்த்தாள்.

"பேச்சை எப்படி எண்ணறது வெர்னா?" என்றான் அவர்களுடைய தலைவன் கிரெய்க். நல்லவன்தான். அவனுக்கு எண்ணிக்கையில் அடங்குவதுதான் உலகம்.

முடிவில் வந்த அறிக்கை, கடலோரப் பிள்ளைகள் பின்தங்கியிருக்கிறார்கள் என்றது. ஊருக்கே தெரிந்த சங்கதி. அதை வைத்துக்கொண்டு மாகாணம் ஒரு பயிற்சித் திட்டம் கொண்டுவந்தது. ஒரு பயிலரங்கு முடிந்து வெளியே வரும்போது, இறால் துறைமுகம் ஒன்றிலிருந்து வந்திருந்த ஆசிரியை வெர்னாவின் அருகில் வந்தாள்.

"உங்க அறிக்கைக்கு அப்புறம் கதைநேரத்தை எடுத்துட்டு அந்தப் பயிற்சியை வெச்சுட்டாங்க, டாக்டர் ஸ்டீவ்ஸ். கதைநேரத்துலதான் எங்க பிள்ளைங்க வாயைத் திறக்கும்," என்றாள். குற்றம் சொல்லும் குரலில்லை. மழை வரும்போலிருக்கிறது என்பதைப்போலச் சொன்னாள். அதுதான் வெர்னாவை அதிகமாகச் சுட்டது.

பல வருடங்கள் கழித்து ப்ரென்டன் ஓய்வு பெற்றபோது ஒரு விருந்து வைத்தார்கள். ஹாலிஃபாக்ஸிலிருந்து முரியல் பைன் வந்திருந்தாள். முன்பு நிதிக்குழுக்களில் நிறைய உட்கார்ந்த கிழவி. இரண்டாவது கோப்பை வைன் உள்ளே போனதும் அவளே பேச்சை எடுத்தாள்.

"உனக்கு அன்னிக்கு நிதி கிடைக்காம போச்சே, ஞாபகம் இருக்கா? உனக்காக மல்லுக்கு நின்னது ஒடீல் ஒருத்திதான். நாங்கல்லாம் கைவிட்டுட்டோம். இதையெல்லாம் வெளிய சொல்லக்கூடாது. இனிமே என்னை யாரு என்ன செய்யப் போறாங்க."

"காத்திருக்கத் தெரியலன்னு எழுதினது யாரு?"

"அதுவும் அவதான். முழு மதிப்பெண்ணைப் போட்டுட்டுக் கீழ அதை எழுதினா. காத்திருக்கத் தெரிஞ்ச ஆளு ஒண்ணைக் கூடச் சேத்துக்கிட்டா இவளை அடிச்சுக்க ஆளில்லன்னு எங்கிட்டயே சொன்னா. தன்னைத்தான் சொன்னான்னு அப்பவே எனக்குத் தெரியும்."

அடுத்த சனிக்கிழமை வெர்னா, ஒடீல் குடியிருந்த ஷெடியாக்குக்குக் காரை ஓட்டினாள். ஒடீல் முன்கூட்டியே ஓய்வு வாங்கியிருந்தாள். கணவர் லியோவுக்குப் பக்கவாதம். சமையலறைக்குப் பக்கத்து அறையிலேயே அவருடைய கட்டில் கிடந்தது. வெர்னாவைப் பார்த்ததும் ஒடீல் ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை. தேநீர் வைத்தாள்.

"முரியல் சொல்லிட்டா," என்றாள் வெர்னா. "நீ ஏன் அன்னிக்கே சொல்லல?"

"குழு ரகசியம், எப்படிச் சொல்றது? நீ வாயைத் திறந்து சண்டை போட்டிருந்தா சொல்லியிருப்பேனோ என்னவோ. கோபமான்னு கேட்டேனே, நீ இல்லன்னுட்டியே."

வெர்னா கோப்பையை நகர்த்தி வைத்தாள்.

"அந்த அக்காவும் தம்பியும் என்ன ஆனாங்க?"

"அவ ஆல்பர்ட்டாவுக்கு எண்ணெய்க் கம்பெனி வேலைக்குப் போயிட்டா. அவன் அப்பாவோட படகுல இருக்கான். நான் தனியா ஒரு வருஷம் அந்த வீட்டுக்குப் போனேன். அக்காவோட இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல என்னை உள்ள விடல. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களை மட்டும் வெச்சுக்கிட்டு என்ன எழுதறது? அப்படியே விட்டுட்டேன்."

"இப்பவும் செய்யலாம் ஒடீல். புதுசா ஒரு நிதி வந்திருக்கு. உம்பேரை முதல்ல போடலாம். வேற பிள்ளைங்க இருப்பாங்க, வேற வீடு…"

உள்ளே லியோ இருமினார். ஒடீல் எழுந்து போனாள். திரும்பி வராததால் வெர்னாவும் போய்ப் பார்த்தாள். அவரைப் புரட்டிப் படுக்க வைக்க ஒடீல் தனியாகத் திணறிக்கொண்டிருந்தாள். வெர்னா மறுபக்கம் போய்த் தோளைப் பிடித்தாள். பெரிய உடம்பு. இரண்டு பேருமாகத் திருப்பிப் படுக்கவைத்துத் தலையணையை முட்டுக்கொடுத்தார்கள்.

"முடியாது வெர்னா," என்றாள் ஒடீல், போர்வையை இழுத்துவிட்டபடியே. "உம்மேல வருத்தம் இருந்துச்சு. இப்ப இல்ல. ஆனா முடியாது. அப்ப முடிஞ்சிருக்கும்."

அந்த வசந்தத்தில் வெர்னா எந்த நிதிக்கும் விண்ணப்பிக்கவில்லை. துறைமுகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கதைநேரத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டாள். மேலிடத்துத் திட்டம், நாங்கள் என்ன செய்வோம் என்று தலைமையாசிரியர் கையை விரித்தார்.

பல சனிக்கிழமைகளில் ஷெடியாக்குக்குப் போய் லியோவின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அந்த நேரத்தில் ஒடீல் கடைக்கும் தேவாலயத்துக்கும் போய்வருவாள். வந்ததும் வெண்ணெய் விற்கிற விலையைப் பற்றியும் பாதிரியாரின் நாயைப் பற்றியும் பேசுவார்கள். ஒருமுறை வெர்னா, "அந்த அக்கா தம்பி குடும்பம் எந்த வீட்டுல இருந்துச்சு, ஒருநாள் கூட்டிட்டுப் போய்க் காட்டேன்," என்றாள். வீட்டை விற்றுவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு ஒடீல் பையிலிருந்த சாமான்களை எடுத்து அலமாரியில் வைத்தாள். வெர்னாவும் எழுந்து சாமான்களை எடுத்துக் கொடுத்தாள்.