ஷார்ஜாவில் பாய்ந்த தண்ணீர்

இந்தக் காலத்தில் எவனும் எதையும் நேரில் வந்து சொல்வதில்லை. கல்யாணத்துக்கு அழைப்பதும் போனில்தான், எழவு சொல்வதும் போனில்தான். அதிலும் அழுகிற மூஞ்சி ஒன்று, கும்பிடுகிற கை ஒன்று, அத்தோடு துக்கம் முடிந்தது. வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டே எதிர்வீட்டுக்காரனுக்கு ரோஜாப்பூ போட்டு குட்மார்னிங் அனுப்புகிறான் ஒருத்தன். தலையை நிமிர்த்தினால் ஆளே தெரிவான். நிமிர்த்த மாட்டான்.

கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே வாய்க்காலின் கடைக்கோடிப் பக்கமாய் நெல் வைத்திருக்கும் அப்புசாமி, இதைக் கேட்கிறவர்களிடமும் சொல்வார், கேட்காமல் எழுந்து போகிறவர்களின் முதுகிடமும் சொல்வார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். யாரையும் நம்பிக் கெட்டதில்லை என்பது அவருடைய பெருமை. யாரையும் நம்பியதே இல்லை என்பது ஊர்ப் பேச்சு.

அப்பேர்ப்பட்ட மனுஷர் தண்ணீர் முறையைப் போனில் ஏற்றச் சம்மதித்தார் என்றால், அதற்கு மருமகள் செல்வப்பிரியாதான் காரணம். பக்கத்து எஞ்சினீயரிங் காலேஜில் அவள் டீச்சர். போனில் ஓடுகிற ஆப் எப்படிச் செய்வது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது அவள் வேலை. போனை நோண்டாதே என்று அடித்து வளர்த்த பிள்ளைகளை, எப்படி நோண்டுவது என்று படித்துக்கொள்ளப் பீஸ் கட்டி அனுப்புகிறார்களே என்று அப்புசாமி முதல் நாளே கேட்டார். அவள் சிரித்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வாய்க்காலில் தண்ணீர் முறை மாறுவதற்கு ஒரு வழக்கம் உண்டு. பாய்ச்சி முடித்தவன் அடுத்த வயல்காரனைத் தேடிப் போய், ‘மடை உங்களுது’ என்று வாயால் சொல்ல வேண்டும். சொன்னால்தான் முறை மாறும். அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு ஊர் பட்ட பாடு கொஞ்சமல்ல. சொன்னேன் என்பான் ஒருத்தன், என் காதில் விழவில்லை என்பான் இன்னொருத்தன். போன வருஷம் மம்பட்டிக் காம்பு ஒருத்தன் மண்டையில் இறங்கி, தையல் போட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகுதான் செல்வப்பிரியா தன் மாணவர்களை ஒரு ஆப் செய்யச் சொன்னாள். பாய்ச்சி முடித்தவன் போனில் ‘முடிந்தது’ என்று அமுக்கினால், அடுத்தவன் போனுக்குச் சேதி போகும். போனில் யார் பெயர் மேலே நிற்கிறதோ அவன்தான் மடையைத் திறக்கலாம் என்று நெல் விவசாயிகளின் சமிதியும் தீர்மானம் போட்டது.

மோனிஷா என்ற மாணவி வீடு வீடாக வந்து நம்பர் கேட்டாள். கேஸ் சிலிண்டருக்கு, ரேஷனுக்கு, பேங்குக்கு என்று எவன் நம்பர் கேட்டாலும் அந்தப் பக்கத்துக் கிழவர்கள் செய்வது ஒன்றுதான், பிள்ளைகளின் நம்பரைக் கொடுப்பார்கள். ஓடிபி என்கிற சனியன் வந்தால் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் பிள்ளைகள்தானே. அப்புசாமி ஷார்ஜாவில் இருக்கும் மகன் பூபதிராஜாவின் நம்பரைச் சொன்னார். செல்வப்பிரியாவின் புருஷன்தான் அவன். அடுத்த வயல்காரன் நல்லமுத்து, திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகள் சிவசங்கரியின் நம்பரைச் சொன்னான். மோனிஷா எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனாள். அந்தப் போன் எந்த ஊரில், யார் சட்டைப்பையில் கிடக்கிறது என்று கேட்க வேண்டும் என்பது அவள் படிப்பில் வரவில்லை. சரிபார்க்க வேண்டிய டீச்சரம்மாவும் பார்க்கவில்லை.

மாசி வெயிலில் கதிர் பால் பிடித்து நின்றது. இன்னும் ஒரே ஒரு தண்ணீர் வேண்டும். ஆப் வந்த பிறகு பாய்கிற முதல் தண்ணீரும் அதுதான். கிடைத்தால் நெல், இல்லாவிட்டால் பதர். வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் கனாலைச் சாயங்காலம் அடைத்துவிடுவார்கள். அடுத்து எப்போது திறப்பார்கள் என்று கேட்டால் இரிகேஷன்காரனே வானத்தைப் பார்க்கிறான். காலையிலேயே மம்பட்டியோடு வரப்பில் போய் நின்றார் அப்புசாமி. மேல் வயல் பாய்ந்து முடிந்தது. தண்ணீர் வந்தது. வந்த தண்ணீர் அவர் மடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே போய் நல்லமுத்து வயலில் ஏறியது. அங்கே நல்லமுத்து மடையைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தான்.

“நான் என்னுங்கண்ணா பண்ணட்டும்? உங்களுது பாஞ்சு முடிஞ்சுதுன்னு போன்ல வந்திருக்குதாமா. சிவசங்கரி திருப்பூர்ல இருந்து கூப்புட்டுச் சொல்லுச்சு.”

“உன்ற கண்ணு எங்கடா போச்சு? வயலப் பாருடா. வெடிச்சுக் கெடக்குது.”

“தெரியுதுங்க. கண்ணுல பாத்தேன்னு சொல்லி மடைய விட்டனா, நாளைக்குச் சமிதில என்னையத்தானுங்க நிக்கவெச்சுக் கேப்பாங்க. போன்ல மாத்தச் சொல்லுங்க, அடுத்த நிமிசம் திருப்பிடறேன்.”

மம்பட்டிக் காம்பைக் கை ஒருமுறை இறுக்கிப் பிடித்தது உண்மைதான். போன வருஷத்துத் தையல் ஞாபகம் வந்தது. மருமகளைப் பட்டன் போனில் கூப்பிட்டுப் பார்த்தார், அவள் எடுக்கவில்லை. மம்பட்டியை வரப்பில் போட்டுவிட்டு, சேற்றுக் காலோடு பஸ் ஏறினார்.

அவள் போனை எடுக்காததன் காரணம் காலேஜில்தான் தெரிந்தது. அன்றைக்கு மாணவர்கள் தாங்கள் செய்த ஆப்பைக் காட்டுகிற நாளாம். மதிப்பெண் போட யூனிவர்சிட்டியிலிருந்து ஒரு கண்ணாடிக்காரர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சுவர் அகலத்துக்குத் திரை. அதில் வாய்க்கால் நீலமாக நெளிந்து ஓட, வயல்கள் பச்சைப் பசேலென்று ஒளிவிட்டன. அப்புசாமியின் வயலும் பச்சைதான். அதன்மேல் ‘நீர் நிறைந்தது’ என்று எழுதியிருந்தது. அத்தனை செழிப்பாகத் தன் வயலை அவர் ஆயுசில் பார்த்ததில்லை.

பயனடைந்த விவசாயி என்று மேடையேற்ற அவரைத்தான் இரண்டு நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்றைக்கு, எதற்கு என்று கேட்காமலே முடியாது என்று சொல்லியிருந்தார். இப்போது வாசலில் ஆளைக் கண்டதும் மோனிஷாவுக்கு முகமெல்லாம் பல். வேண்டாம் வேண்டாம் என்கிற கையையே பிடித்து மேடைக்கு இழுத்துப் போனாள். ஒருத்தன் பொன்னாடை போர்த்தினான். இன்னொருத்தன் மைக்கைக் கையில் திணித்து, ஆப் வந்த பிறகு வாழ்க்கை எப்படி மாறியது என்று சொல்லுங்கள் தாத்தா என்றான்.

“என்ற வயல்ல தண்ணி இல்ல” என்றார் அப்புசாமி.

எல்லாரும் கை தட்டினார்கள். விவசாயி பேசியதும் தட்ட வேண்டும் என்று ஒத்திகை பார்த்திருந்தார்கள் போலிருக்கிறது.

செல்வப்பிரியா மட்டும் தட்டவில்லை. மாமனாரின் மூஞ்சியைப் படிக்க அவளுக்குத் தெரியும். மேடைக்கு ஓடிவந்து விஷயத்தைக் கேட்டாள். பிறகு லேப்டாப்பைத் திருப்பி நம்பரைப் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. தன் புருஷன் நம்பர் அவளுக்குத் தெரியாதா? அங்கேயே அவனுக்குப் போன் போட்டாள். அவசரத்தில் ஸ்பீக்கரையும் அமுக்கிவிட்டாள்.

“ஏனுங்க, காலைல அந்தத் தண்ணி ஆப்ல எதாச்சும் அமுக்குனீங்களா?”

“எதோ செவப்பா ஒரு புள்ளி வந்துட்டே இருந்துது. கீழ ‘முடிந்தது’ன்னு இருந்தத அமுக்குனேன், போயிருச்சு. நான் டூட்டில இருக்கறேன் பிரியா, ஏன், என்னாச்சு?”

அரங்கமே சிரித்தது. கண்ணாடிக்காரர் மட்டும் சிரிக்காமல், புருஷன் எந்த வயலில் நிற்கிறார் என்று கேட்டார். ஷார்ஜா என்றாள் செல்வப்பிரியா. அப்புறம்தான் அவரும் சிரித்தார்.

“உம்பட பசங்க வயலப் பாத்தாங்களா, போனப் பாத்தாங்களா அம்மிணி?” என்று மைக்கிலேயே கேட்டார் அப்புசாமி. மைக் கையில் இருப்பது அவருக்கு மறந்து போயிருந்தது. “பொழுது எறங்கறதுக்குள்ள தண்ணி வரலைன்னா நெல்லுக்குப் பதிலா இந்தப் பொன்னாடையத்தான் அறுத்துக் கட்டோணும்.”

யார் முகத்தையும் பார்க்காமல் செல்வப்பிரியா உட்கார்ந்து லேப்டாப்பில் எதையோ தட்டினாள். திரையில் பச்சையாக இருந்த அவர் வயல் காய்ந்த நிறத்துக்கு மாறி, பெயர் மேலே ஏறியது. நல்லமுத்துவின் பெயர் கீழே இறங்கியது. மாணவர்கள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கோயிலில் திரை விலகக் காத்திருப்பவர்களைப் போல. சற்று நேரத்தில் அப்புசாமியின் இடுப்பிலிருந்த பட்டன் போன் அலறியது. நல்லமுத்து.

“அண்ணா, சிவசங்கரி கூப்புட்டுச்சுங்க. உங்க பேரு மேல வந்திருச்சாமா. மடைய உங்க பக்கம் திருப்பிட்டனுங்க.”

இந்தத் தடவை ஒத்திகையில்லாமல் தட்டினார்கள். உடனுக்குடன் தவறைத் திருத்திக்கொள்கிறதே என்று கண்ணாடிக்காரர் ஆப்பைப் பாராட்டிவிட்டு எதையோ குறித்துக்கொண்டார். தவறு செய்ததும் அதே ஆப்தான் என்பது குறிப்பில் ஏறியதா என்று தெரியவில்லை. அடுத்த முறை ஈர வயலைப் போட்டோ எடுத்துப் போட்டால்தான் முடிந்தது என்று அமுக்க முடியும்படி செய்துவிடலாம் என்றாள் மோனிஷா. ஷார்ஜாவிலிருந்து எப்படி எடுப்பான் என்று யாரும் கேட்கவில்லை.

செல்வப்பிரியாவுக்கு உயிர் வந்திருந்தது. “பாத்தீங்களா மாமா, வேலை செய்யுதுங்கல்ல?”

“திருப்பூர்ப் புள்ள அவங்கப்பனக் கூப்புட்டுச்சு. அவன் என்னையக் கூப்புட்டான். ஆப்பு எங்க வந்துச்சு நடுவுல?”

“அந்தப் புள்ளைக்குச் சேதி சொன்னதே ஆப்புதானுங்களே.”

“காலைலயும் அதேதான் சொல்லுச்சு.”

அதற்குள் மோனிஷா போனை நீட்டினாள். ஐந்து நட்சத்திரம் வரிசையாக இருந்தது, தாத்தா அதைத் தொட்டால் போதுமாம். நட்சத்திரம் கிடக்கட்டும், தண்ணி ஏறட்டும், அப்புறம் பாக்கலாம் என்று சொல்லி, பொன்னாடையை உருவி நாற்காலியில் போட்டுவிட்டுப் படியிறங்கினார் அப்புசாமி.

பஸ் வருகிற வழியாகத் தெரியவில்லை. ரோட்டோரமாகவே நடக்க ஆரம்பித்தார். திருப்பிட்டேன் என்கிறான் நல்லமுத்து. அதையும் போனில்தானே சொல்கிறான். எந்த மடையை, எந்தப் பக்கம் திருப்பினானோ, யார் கண்டது? பின்னாலிருந்து மருமகள் மாமா மாமா என்று கூப்பிட்டாள். பொழுது மேற்கே சாய்ந்துகொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் நடையை எட்டிப் போட்டார்.