அப்பா நாற்காலியில் மாமா

பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் போதும், ஊரில் எங்கேயாவது ஒரு ஃபிரிட்ஜ் உயிரை விட்டுவிடும். அந்த வீட்டில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அப்பாவுக்கு ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் பழுது பார்க்கும் தொழில். டீச்சரைப் பார்க்கப் போக வேண்டிய நாளில் மட்டும் தலைபோகிற அவசரத்தில் ஒரு வேலை வந்து நிற்கும். அம்மா இதைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டாள். மருந்துக் கடையில் அவளுக்குப் பகல் முழுக்க வேலை. கேட்டுச் சலிக்கிற நேரத்தில் நாலு பேருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கலாம்.

ஆனால் இந்தத் தடவை வந்த அழைப்பு வழக்கமானதல்ல. மகள் ஐந்தாம் வகுப்பு. வீட்டில் அவளுக்குப் பெயர் பூனை. வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் முதல் வரியிலேயே குரல் நின்றுவிடும். வாசிப்பு வராததால் கணக்கு, அறிவியல் என்று மற்ற பாடங்களும் அதன் பின்னாலேயே படுத்துவிட்டன. இப்படியே போனால் மற்ற பிள்ளைகள் மேல் வகுப்புக்குப் போகும்போது இவள் இங்கேயேதான் இருக்க வேண்டும் என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார். அதற்கு முன் கடைசி முயற்சியாக, பள்ளியும் குடும்பமும் ஒரே மேசையில் உட்கார்ந்து யார் என்ன செய்வது என்று திட்டம் போடலாம் என்றார்.

பூனைக்கு மார்க்கெல்லாம் பெரிய கவலை இல்லை. பக்கத்தில் உட்காரும் தோழி மேலே போய், தான் மட்டும் கீழே நிற்பதை நினைத்தால்தான் சாப்பாடு இறங்கவில்லை.

கூட்டத்தன்று ஒரு ஃபிரிட்ஜ் செத்தது. அதனால் மாமா போனார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. சோபாக் கடையில் விற்பனையாளர். மழைக்கு ஒதுங்கியவர் தலையில்கூட மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்றைக் கட்டி அனுப்பக்கூடியவர். வகுப்பு டீச்சரோ அந்த வருடம்தான் புதிதாகச் சேர்ந்தவர். பூனையின் கையைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆண் உள்ளே வந்ததுமே அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. அப்பாக்கள் வருவதே அபூர்வம், நீங்களாவது வந்தீர்களே என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் அப்பா இல்லை என்று சொல்லத்தான் மாமா வாயைத் திறந்தார். அதற்குள் தேநீர் வந்துவிட்டது. கூடவே இன்னும் கொஞ்சம் பாராட்டும் வந்தது. பாராட்டு என்றால் மாமாவுக்குக் கொஞ்சம் பலவீனம்.

அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. தினமும் மாலையில் மகளோடு அரை மணி நேரம் வாசிப்பேன் என்றார். அந்த நேரத்தில் வீட்டில் டிவி கிடையாது, கைபேசி கிடையாது என்றார். சனிக்கிழமை வாசிப்பு வகுப்புக்குத் துணையாகப் பெற்றோர் யாராவது வர முடியுமா என்று டீச்சர் தயங்கித் தயங்கிக் கேட்க, யாராவது எதற்கு, நானே வருகிறேன் என்றார். டீச்சர் வெள்ளைப் பலகையில் ‘அப்பா’ என்று எழுதி, அதன் கீழே ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார். பூனை பலகையையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மாமா நடந்ததைச் சொன்னபோது அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“டேய், சோபா வித்தாக்கூட பிடிக்கலைன்னா திருப்பிக் கொடுக்கலாம்னு சொல்லுவே. இதை எப்படிடா திருப்பிக் கொடுக்கறது?”

“என் பேர்லயா அக்கா வாக்குக் கொடுத்தேன்? எல்லாம் அத்தான் பேர்லதானே கொடுத்திருக்கேன்.”

அப்பா அதிகம் பேசுகிறவர் அல்ல. “சனிக்கிழமை வேறயா மாப்ளே?” என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமையை மாமாவே ஏற்க வேண்டியதாயிற்று. முகத்தைக் காட்டிவிட்டாரே. கடையில் வியாபாரம் கொழிக்கிற நாளில் விடுப்புச் சொல்லிவிட்டு, பள்ளியில் சின்னப் பிள்ளைகள் நடுவே உட்கார்ந்து கரடி மாதிரியும் நரி மாதிரியும் குரல் மாற்றிக் கதை வாசித்தார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பூனை மட்டும் வாயைத் திறக்கவில்லை. திறக்கப் போனாலும் அடுத்த வார்த்தையை மாமா முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்.

மாலை நேரம் அப்பாவின் பங்குக்கு வந்தது. முதல் நாள் அப்பாவும் மகளும் நடுவில் ஒரு கதைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, பல் மருத்துவரிடம் வந்தவர்கள் போல எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அரை மணி நேரம் முடிந்ததும் இருவரும் நிம்மதியாக எழுந்தார்கள். அடுத்தடுத்த நாட்களும் அப்படித்தான் போயின.

ஒருநாள் பின்கட்டு அறையில் அப்பா ஒரு வாஷிங் மெஷினின் முதுகைக் கழற்றிவிட்டுத் தலையை உள்ளே விட்டிருந்தார். இரண்டு கையிலும் கிரீஸ். மெஷினோடு வந்த சிறு புத்தகத்தில், இந்த விளக்கு எரிந்தால் என்ன கோளாறு என்று போட்டிருக்கிறது பார் என்றார், வந்து நின்ற மகளிடம். பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல் வாசித்தது. தண்ணீர் வெளியேறும் குழாயில் அடைப்பு இருக்கலாம்.

“உம், அப்புறம்?” என்றார் அப்பா, தலையை எடுக்காமல்.

அப்புறமும் வாசித்தாள். அந்தப் புத்தகம் முடிந்ததும் கதைப் புத்தகத்தை எடுத்து வந்தாள். அதற்கும் மெஷினுக்குள்ளிருந்து ‘உம், அப்புறம்’ வந்தது. கொஞ்ச நாளில் நிலைமை முற்றிப்போய், பழுது தீர்ந்த மெஷினைக்கூட அப்பா மறுபடி கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதை முடியவில்லையே, என்ன செய்வது? வாடிக்கையாளர்கள் அழுக்குத் துணியோடு காத்திருந்தார்கள்.

திட்டம் எப்படிப் போகிறது என்று பார்க்க இரண்டாவது கூட்டம் வைத்தார்கள். பூனை மேலே போகிறாளா இல்லையா என்பதும் அன்றைக்கே முடிவாகும். எந்த ஃபிரிட்ஜும் சாகக் கூடாது, இரண்டு பேரும் சேர்ந்து போய் உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள்.

சொல்லும் எண்ணத்தோடுதான் போனார்கள். அறையில் தலைமை ஆசிரியையும் இருந்தார். டீச்சர் வழக்கம்போல மாமாவைப் பார்த்து, “வாங்க சார், உட்காருங்க” என்று சொல்லிவிட்டு, இவர் யார் என்று அப்பாவைப் பார்த்தார். அப்பாவுக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் மாமாவின் வாய் தானாகவே, “இவர் பொண்ணோட மாமா” என்றுவிட்டது. சொன்ன பிறகு அவருக்கே தூக்கிவாரிப் போட்டது.

ஆக, மாமா அப்பாவின் நாற்காலியில். அப்பா சுவரோரம் ஒரு முக்காலியில். பூனை நடுவில்.

தலைமை ஆசிரியை விவரமானவர். பெற்றோர் தங்களைப் பற்றிச் சொல்வதை அவர் முழுதாக நம்புவதில்லை. அதனால் முக்காலிப் பக்கம் திரும்பினார்.

“நீங்க சொல்லுங்க சார். இவளோட அப்பா நிஜமாவே தினமும் கூட உட்கார்றாரா?”

“உட்கார்றாருங்க.” அப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “ஏதோ, முயற்சி பண்றார்.”

“இத்தனை வருஷமா ஏன் ஒரு தடவைகூட இந்தப் பக்கம் வரலை?”

“அவர் கொஞ்சம் பயந்தாங்கொள்ளிங்க.”

மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. நாற்காலியில் இருப்பது தான் என்பதால் ரோஷம் வந்தது. “அத்...” என்று ஆரம்பித்து, இருமி விழுங்கினார்.

சரி, பிள்ளையையே பார்த்துவிடுவோம் என்று தலைமை ஆசிரியை ஒரு புத்தகத்தைத் திறந்து பூனையின் முன்னால் வைத்தார். பூனை முதல் வார்த்தையைப் பார்ப்பதற்குள் மாமா அதைக் கரடிக் குரலில் சொல்லிவிட்டார். அவரை அடக்கினார்கள். அடக்கியும் பயனில்லை. நான்கு முகங்கள் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தன. வந்த குரல் தொண்டையிலேயே நின்றது.

தலைமை ஆசிரியை புத்தகத்தின் மேல் கையை வைத்தார். கோபமாக இல்லை, கனிவாகத்தான் சொன்னார். ஒரு வருடம் கூடுதலாக இருந்தால் ஒன்றும் குடி முழுகிப் போகாது என்றார். பூனையின் கண் நிறைந்துவிட்டது.

அப்பா எழுந்தார். முக்காலியைத் தூக்கினார். அதைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கோபித்துக்கொண்டாரோ என்று டீச்சர் பதறினார்.

“உம், அப்புறம்?” என்றார் அப்பா சுவரிடம்.

தலைமை ஆசிரியையின் கைக்கு அடியிலிருந்து புத்தகம் மெல்ல நகர்ந்தது. பிறகு பூனை வாசித்தாள். முதல் வரி, இரண்டாவது வரி. ஆச்சரியத்தில் டீச்சர் அவள் பக்கம் குனிந்ததும் குரல் தேய்ந்தது. தலைமை ஆசிரியை அதைக் கவனித்துவிட்டார். சத்தமில்லாமல் தன் நாற்காலியை அலமாரிப் பக்கம் திருப்பிக்கொண்டு, டீச்சருக்கும் சைகை காட்டினார். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பினார். மாமாவைத் தோளைப் பிடித்துத் திருப்ப வேண்டியிருந்தது. தேநீர் கொண்டுவந்த பணியாளர் வாசலில் நின்று, திசைக்கு ஒருவராக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். பெரிய சண்டை போலிருக்கிறது என்று தட்டோடு திரும்பிவிட்டார்.

பக்கத்தின் பாதியில் ஒரு நீளமான வார்த்தை மறித்தது.

“அப்பா, இது என்ன?”

“பிரிச்சுப் பிரிச்சு வாசிம்மா.”

பிரித்து வாசித்தாள். வார்த்தை வழிவிட்டது. பக்கம் முடிந்ததும் யாரும் சொல்லாமலே அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

“ஒரு நிமிஷம்,” என்றார் தலைமை ஆசிரியை அலமாரியைப் பார்த்தபடியே. “அவ அப்பான்னு கூப்பிட்டா, பதில் சுவர்ப் பக்கத்திலேருந்து வருதே.”

மாமாவுக்கு முதல் முறையாக ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை.

“நான்தாங்க அப்பா,” என்றார் அப்பா. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததால் அவருக்கும் பேச்சு தடையில்லாமல் வந்தது. “அவன் என் சம்சாரத்தோட தம்பி. நல்லவன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். இங்க வந்து நாலு பேர் மூஞ்சியைப் பார்த்தா எனக்கு நாக்கு எழும்பாதுங்க. இவளுக்கும் என்கிட்டேருந்துதான் ஒட்டியிருக்கணும். பொய் சொன்னது எங்க தப்பு. அதுக்கு அவளைக் கீழே நிறுத்திடாதீங்க. இனிமே எத்தனை தடவை கூப்பிட்டாலும் நானே வர்றேன்.”

தலைமை ஆசிரியை நாற்காலியைத் திருப்பினார். டீச்சர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டிருந்தார். அவருடைய தோள் குலுங்கியது.

பொய்க்காக மாமாவுக்குக் கொஞ்சமும், இத்தனை வருடம் ஒளிந்ததற்காக அப்பாவுக்கு நிறையவும் திட்டு விழுந்தது. அது முடிந்ததும், பிள்ளை மேலே போகட்டும் என்றார் தலைமை ஆசிரியை. அவள் வாசிக்கும்போது புது வகுப்பு டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும், பிறகு மாதத்துக்குக் கொஞ்சமாக அவள் பக்கம் திரும்ப வேண்டும் என்றார். டீச்சர் பலகையைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் திட்டம் எழுத ஆரம்பித்தார். ‘அப்பா’ என்ற தலைப்பின் கீழே மாலையும் வந்தது, கூட்டமும் வந்தது. ‘மாமா’ என்று எழுதியதும் கை நின்றது.

“இவரை என்ன பண்றது?” என்று இந்தத் தடவை பூனையிடமே கேட்டார்.

பூனை மேசையைப் பார்த்தபடி, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“சனிக்கிழமை வரட்டும் டீச்சர். சின்னப் பசங்களுக்கு அந்தக் கரடி பிடிக்கும். எனக்குப் பக்கத்துல மட்டும் வேண்டாம்.”

மாமா பேரத்தில் இறங்கினார். வாரத்தில் ஒரு மாலையாவது தனக்கு வேண்டும், திரும்பி உட்காரவும் தயார், வாயையே திறக்க மாட்டேன், வேண்டுமானால் எழுதிக் கொடுக்கிறேன் என்றார்.

பூனை அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“பார்க்கலாம் மாமா,” என்றாள்.