பேசக்கூடாத கால்மணி நேரம்

பள்ளியின் மூடுவிழாவில் பள்ளிக்கொடியை நகராட்சி அதிகாரியின் கையில் ஒப்படைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கும்போது குவாஹரா டீச்சருக்கு முழங்கால் விண்ணென்று வலித்தது. விடைபெறும் உரைக்கு நிறைய யோசித்து வைத்திருந்தாள். சொன்னது கொஞ்சம்தான். "இத்தனை வருஷமா இந்தப் பள்ளிக்கூடத்தைத் தாங்கினது நீங்க. எனக்கு நன்றி சொல்லக்கூடத் தெரியல."

ஊர்க்காரர்கள் இடுப்பை வளைத்து வணங்கினார்கள். வணக்கத்தில் அவர்கள் குறை வைக்கவில்லை, பேச்சில்தான் வைத்தார்கள்.

போன வசந்தத்தில் நடந்த ஊர்க்கூட்டத்தில் "மூடிடலாம்" என்று முதலில் சொன்னவள் அவள்தான். மிச்சமிருந்த மாணவர்கள் இரண்டே பேர்: நாகியும் அவள் தம்பி ஹருகியும். பந்தை எறிந்தால் எடுத்துப்போட டீச்சரே ஓட வேண்டும். மலைக்குக் கீழே பெரிய பள்ளிக்குப் போனால் கூட்டாளிகளாவது கிடைப்பார்கள் என்றாள். அவர்களுடைய அப்பா தொகுஜி எழுந்தார். "எம் பிள்ளைங்களைச் சாக்கா வெச்சு ஊருக்கே பூட்டுப் போடாதீங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அதோடு சரி. அதுவரை டீச்சர் வீட்டு வாசலில் யாராவது முள்ளங்கியோ வெங்காயத்தாளோ வைத்துவிட்டுப் போவார்கள். யார் வைத்தது என்று கேட்கும் வழக்கமில்லை. கூட்டத்துக்குப் பிறகு வாசல் வெறுமையாகக் கிடந்தது. தொகுஜி எதிரே வந்தால் தலையை மட்டும் அசைப்பார்.

சொன்னது சரிதானா என்று தன்னையே கேட்டுக் கேட்டு அவள் ஓய்ந்திருந்தாள். மாற்றலாகிப் போகுமுன் அவர் ஒரு வார்த்தை பேசினால் போதும். வசவாக இருந்தாலும் சரி.

கூடத்தின் கோடியில் தொகுஜி நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார். கிட்டே போனாள். அவர் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு அப்பால் நகர்ந்தார்.

அப்போது ஒலிபெருக்கியில் இசை கிளம்பியது. பிள்ளைகளே பள்ளியைத் துடைக்கும் துப்புரவு நேரத்து இசை. தினமும் மதியம் கால்மணி நேரம் தானாக ஒலிக்கும். இன்று அதை நிறுத்தி வைக்க யாருக்கும் நினைவில்லை.

நாகி தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வாளியை எடுத்தாள். ஹருகி பின்னால் ஓடினான். பெரியவர்களும் அங்கே படித்தவர்கள்தானே. ஒருவர் கோட்டைக் கழற்றினார், இன்னொருத்தி கிமோனோவின் கையை வரிந்து கட்டினாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடைவழியில் வரிசையாக மண்டியிட்டு ஆளுக்கொரு ஈரத்துணியால் தரையைத் தேய்க்கத் தொடங்கினார்கள்.

சாவியோடு காத்திருந்த அதிகாரி திகைத்துப்போனார். "இடிக்கப்போற கட்டடத்துக்கு எதுக்குங்க இதெல்லாம்?"

நாகி உதட்டில் விரல் வைத்தாள். இசை ஓயும்வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. டீச்சர் பிடிவாதமாகக் காப்பாற்றிவந்த சட்டம் அது. அதிகாரி வாயை மூடிக்கொண்டு, செருப்புக் காலைத் தூக்கி வழிவிட்டார்.

டீச்சரும் மண்டியிட்டாள். முழங்கால் கெஞ்சியது. பக்கத்தில் யாரோ வந்து குனிந்தார்கள், தொகுஜி. அவளைப் பார்க்காமல் தேய்த்தார்.

"மூலையை விட்டுட்டீங்க, டீச்சர்."

அவள் கை நின்றது.

"அப்பா!" நாகி சீறினாள். "துப்புரவு நேரத்துல பேசக்கூடாது!"

"ஒரு வருஷமா பேசாமத்தானே இருந்தேன். அதுல கழிச்சுக்கோ, போ."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது வரிசை முழுக்கப் பரவியது. டீச்சர் மூலையைத் திரும்பத் துடைத்தாள்.

"நீங்க சொன்னது சரின்னு இப்பவும் எனக்குத் தோணல" என்றார் தொகுஜி, குரலைத் தாழ்த்தி.

"எனக்கும் முழுசாத் தோணல."

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவர் யோசித்தார். "இன்னும் சத்தமாத் திட்டியிருப்பேன். முள்ளங்கியை நிறுத்தியிருக்க மாட்டேன்."

இசை ஓய்ந்தது. எல்லோரும் பின்பக்கமாகவே தேய்த்துக்கொண்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். நடைவழி முழுக்க ஈரம் மின்னியது. அதிகாரி சாவியை எடுத்தார்.

"என் பை உள்ளே இருக்கு" என்றாள் டீச்சர். நடைவழியின் மறுகோடி அறையில் இருந்தது. ஒரு காலைத் தூக்கி வைக்கப் போனாள்.

"மிதிக்காதீங்க!" என்றார்கள் ஹருகியும் தொகுஜியும் ஒரே குரலில்.

"சரிதான்" என்று அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். தொகுஜியும் ஒரு முனையில் உட்கார்ந்தார்.

"காயட்டும்" என்றார்.